குறையுள்ள கார்டை நடுவில் வைத்து 60 கார்டு டெக் கட்டுவது

சக்கை (பலாப்பழம்) வெட்டப் போகிறவர் முதலில் கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தேய்ப்பார். பிசின் இல்லாத சக்கையைத் தேடி மார்த்தாண்டம் சந்தை முழுக்க அலையமாட்டார். மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில், பலத்தோடு ஒரு குறையும் எழுதியே வரும் கார்டுகளுக்கும் இதே வழிதான். ஒரு மானாவுக்கு (கார்டை இறக்கக் கட்டும் ஆற்றல்) 13/13 உடம்பு (அடிக்கும் பலம்/தாங்கும் பலம்) கிடைக்கிறதென்றால் எங்கோ பிசின் இருக்கும். எண்ணெய் தேய்க்காமல் கைவைத்துவிட்டு "கார்டு சரியில்லை" என்று மூலையில் போடுபவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை, குறை எந்த வகை என்று பிரிப்பது. வகை தெரியாமல் டெக் கட்டினால் துணைக்கார்டுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

சில குறைகள் ஒரே ஒரு நொடியில் மட்டும் கடிக்கும். 1996-இல் மிராஜ் தொகுப்பில் வந்த ஃபைரெக்சியன் டிரெட்நாட் 1 மானாவுக்கு 12/12, கூடவே டிராம்பிள் (தடுப்பவரை மீறிய அடி எதிராளி மேல் விழும்). களத்துக்கு வந்ததும், மொத்தம் 12 பவர் (அடிக்கும் பலம்) உள்ள கிரியேச்சர்களை (சண்டையிடும் கார்டுகள்) பலி கொடுக்காவிட்டால் அதையே பலி கொடுக்க வேண்டும். அந்த ஒரு ட்ரிகரை (தானாகக் கிளம்பும் திறன்) ஸ்டைஃபில் என்ற கார்டு கொண்டு அடித்துவிட்டால் பிறகு குறையே கிடையாது.

சில குறைகள் கடன் மாதிரி, பின்னால் வசூலுக்கு வரும். பேக்ட் ஆஃப் நெகேஷனை இப்போது இலவசமாக ஆடலாம். உங்கள் அடுத்த டர்னின் (முறை) தொடக்கமான அப்கீப்பில் 5 மானா கட்டாவிட்டால் ஆட்டமே போச்சு. ஆகவே அது இந்த டர்னிலேயே முடிக்கும் டெக்குக்கு மட்டும் உரியது.

சிலவற்றை எதிராளி தலையில் கட்டலாம். இல்யூஷன்ஸ் ஆஃப் கிராண்டரை இறக்கி 20 லைஃப் (உயிர்ப்புள்ளி, தீர்ந்தால் தோல்வி) ஏற்றிக்கொண்டு, டொனேட் மூலம் அதை எதிராளிக்கே தானம் செய்தால், பராமரிப்புச் செலவு கட்ட முடியாமல் அது களம் விட்டுப் போகும்போது 20 லைஃப் இழப்பது அவர். 2000 வாக்கில் டிரிக்ஸ் என்ற பெயரில் பலரை அழவைத்த டெக் இது.

இன்னும் சில குறைகளை டெக்கின் மொத்த அமைப்பால்தான் சுருக்க முடியும். டார்க் கான்ஃபிடன்ட் ஒவ்வொரு டர்னும் ஒரு கார்டு தரும். அந்தக் கார்டின் மானா மதிப்பு எவ்வளவோ அவ்வளவு லைஃபைப் பிடுங்கும். டெக் முழுக்க 1, 2 மானா கார்டுகளாக இருந்தால் அது சில்லறைச் செலவு. நடுவே ஒரு 7 மானா கார்டு வந்தால் 7 லைஃப் போகும்.

கடைசி வகைதான் கட்டுவதற்குச் சுவையானது. அங்கே குறை என்பது எரிபொருள். இந்த வழிகாட்டியின் உதாரணமான டெத்ஸ் ஷேடோ அந்த வகை.

கணக்கு

60 கார்டில் ஒரு கார்டை 4 பிரதி வைத்தால், தொடக்கக் கையான 7 கார்டில் அது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. இரண்டாவதாக ஆடுபவர் 3-ஆவது டர்னில் 10 கார்டு பார்த்திருப்பார். அப்போதும் 53 விழுக்காடுதான். நாயகக் கார்டு, அதாவது நடுவில் வைத்த அந்தக் குறையுள்ள கார்டு, இல்லாத ஆட்டம் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டு சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்றால் நிலைமை மோசம். 4 டிரெட்நாட், 4 ஸ்டைஃபில் வைத்த டெக்கில், 10 கார்டுக்குள் இரண்டும் கைக்கு வரும் வாய்ப்பு 26 அல்லது 27 விழுக்காடு. ஸ்டைஃபில் வேலையைச் செய்யும் கார்டுகளை 8 ஆக்கினால் அது 40-ஐத் தொடும். நாயகனை 4-க்கு மேல் வைக்க விதி இடம் தராது, துணையைத்தான் பெருக்க முடியும். டார்பர் ஆர்ப், டிரெஸ் டவுன், டேல்ஸ் எண்ட் எல்லாம் ஒரே டெக்கில் சேர்வது இதனால்தான்.

அந்த 8 துணைக்கார்டுகளைத் தேர்வதில் ஒரு கறாரான சோதனை உண்டு. நாயகன் கைக்கு வராத ஆட்டத்திலும் அந்தக் கார்டு ஏதாவது செய்ய வேண்டும். ஸ்டைஃபில் எதிராளியின் ஃபெட்ச் லேண்டை வீணடிக்கும் (லேண்ட் மானா தரும் கார்டு, ஃபெட்ச் லேண்ட் தன்னைப் பலி கொடுத்து இன்னொரு லேண்டைத் தேடி எடுக்கும்). டிரெஸ் டவுன் களத்துக்கு வந்தவுடன் ஒரு கார்டு எடுத்துத் தரும். டார்பர் ஆர்ப் நிலையாகக் களத்தில் நிற்கும், ஆனால் உங்கள் ஸ்னாப்காஸ்டர் மேஜ் போன்ற கிரியேச்சர் களத்துக்கு வரும்போதுள்ள ட்ரிகரையும் சேர்த்தே அணைக்கும். சோதனையில் தேறாத துணையை 2 பிரதிக்கு மேல் வைக்காதீர்கள்.

டெத்ஸ் ஷேடோ: 60 கார்டும் ஏன் அங்கே இருக்கின்றன

2010-இல் வேர்ல்ட்வேக் தொகுப்பில் வந்த கார்டு. ஒரு கறுப்பு மானா, 13/13. உங்கள் லைஃப் எவ்வளவோ அவ்வளவு குறையும். ஆட்டம் தொடங்கும் 20 லைஃபில் இறக்கினால் அந்தக் கணமே கிரேவ்யார்ட் (கழிந்த கார்டுகளின் குவியல்). 13-இலும் அதே கதிதான், ஏனென்றால் 0/0 நிற்காது. 12-இல் 1/1, 8-இல் 5/5, 3-இல் 10/10. ஆகவே டெக்கின் கேள்வி ஒன்றே ஒன்று: 20-இலிருந்து 8-க்கு, ஒரு டர்னைக்கூட வீணாக்காமல் எப்படி இறங்குவது? வெறுமனே லைஃபைக் கொளுத்தும் கார்டு எதுவும் வேண்டாம். லைஃபை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மானாவோ கார்டோ தகவலோ தருவதை மட்டும் எடுங்கள்.

லேண்ட் 18. பொல்யூட்டட் டெல்டா, பிளட்ஸ்டெயின்ட் மைர், ஸ்கால்டிங் டார்ன் தலா 4. இந்த ஃபெட்ச் லேண்டுகள் ஒவ்வொன்றும் 1 லைஃப் வாங்கும். இவை தேடிப் பிடிக்கும் ஷாக் லேண்டுகள் வாட்டரி கிரேவ் 2, பிளட் கிரிப்ட் 1, ஸ்டீம் வென்ட்ஸ் 1. ஷாக் லேண்டை உடனே பயன்படும்படி இறக்க 2 லைஃப். ஆக ஒரு ஃபெட்சும் ஒரு ஷாக்கும் சேர்ந்தால் 3. கூடவே சாதாரண ஸ்வாம்ப் 1, ஐலண்ட் 1. இந்த இரண்டையும் அலட்சியமாக எடுத்துவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

லைஃபை இறக்கும் மற்றக் கார்டுகள்: தாட்சீஸ் 4 (எதிராளி கையிலிருந்து லேண்ட் அல்லாத ஒரு கார்டைத் தூக்கும், உங்களுக்கு 2 லைஃப் நட்டம்), ஸ்ட்ரீட் ரெய்த் 4 (2 லைஃப் கட்டி சைக்கிள் செய்தால், அதாவது கையிலிருந்து கழித்தால், மானா இல்லாமலே ஒரு கார்டு), டிஸ்மெம்பர் 1 (4 லைஃப் வரை விழுங்கும்). ஸ்ட்ரீட் ரெய்த்தை 5 மானா கொடுத்துக் களத்தில் இறக்கலாம்தான். அப்படி ஒரு நாள் வந்தால் ஆட்டம் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருக்கும்.

தேடிக் கொண்டுவர தாட் ஸ்கவர் 4, சீரம் விஷன்ஸ் 4. எதிராளியைத் தடுக்க இன்குவிசிஷன் ஆஃப் கோசிலெக் 3, ஃபேட்டல் புஷ் 4, டெர்மினேட் 2, கோலகன்ஸ் கமாண்ட் 1. காவலுக்கு ஸ்டபர்ன் டினையல் 3. இதை இந்த டெக்குக்கென்றே தைத்துக் கொடுத்தது போலிருக்கும்: உங்களிடம் 4 அல்லது அதற்கு மேல் பவர் உள்ள கிரியேச்சர் இருந்தால், ஒரே நீல மானாவில் கிரியேச்சர் அல்லாத எந்த ஸ்பெல்லையும் (ஆடப்படும் கார்டு) மறுக்கும். முடித்துவைக்க டெமூர் பேட்டில் ரேஜ் 2.

ஷேடோ வராத பாதி ஆட்டங்களுக்கு ஸ்னாப்காஸ்டர் மேஜ் 4, குர்மாக் ஆங்லர் 2. ஆங்லர் 5/5. செத்து எழுந்த மீன் என்று கார்டிலேயே போட்டிருக்கும், குளச்சல்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம். விலை 7 மானா என்றாலும் கிரேவ்யார்டிலிருந்து 6 கார்டை நாடுகடத்தினால் (ஆட்டத்தை விட்டே விலக்கினால்) 1 மானாவில் இறங்கும். ஃபெட்ச், தாட் ஸ்கவர், சைக்கிள் செய்த ரெய்த் என்று எல்லாம் அங்கேதான் குவிகின்றன. ஷேடோவுக்காகச் செய்த செலவே இரண்டாவது நாயகனுக்கும் கூலி கொடுக்கிறது. இரண்டாவது வழி முதல் வழியின் குப்பையிலிருந்து வளர வேண்டும். தனியாக இன்னொரு திட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் இரண்டும் பாதியில் நிற்கும்.

முதல் இரண்டு டர்ன்

முதல் டர்ன் (அடைப்பில் மீதி லைஃப்): டெல்டாவை உடைத்து (19), வாட்டரி கிரேவை நிமிர்த்தி, அதாவது உடனே பயன்படும்படி, இறக்கி (17), தாட்சீஸ் (15). இடையில் ஒரு ரெய்த் சைக்கிள் (13). இந்த இடத்தில் கையில் ஷேடோ இருக்கும், மனசும் துடிக்கும். "லே மக்கா, பதிமூணுல எறக்காத" என்று பக்கத்தில் நிற்பவர் கத்தும் இடம் இதுதான். இரண்டாவது டர்ன்: இன்னொரு ஃபெட்ச், இன்னொரு ஷாக் (10). ஷேடோ 3/3 ஆக வரும். இன்னொரு ரெய்த்தும் இருந்தால் 8 லைஃப், 5/5, மீதி ஒரு மானாவில் ஸ்டபர்ன் டினையல் முழு பலத்தோடு.

அவசரப்பட்டு ஃபெட்சுகளை எல்லாம் உடைத்துத் தள்ளாதீர்கள். களத்தில் உடைக்காமல் வைத்த ஃபெட்சும் கையில் வைத்த ரெய்த்தும் ஒளித்துவைத்த பலம். உங்கள் 3/3 ஷேடோ மீது எதிராளி 3 அடி தரும் லைட்னிங் போல்ட் போட்டால், பதிலுக்கு ரெய்த்தை சைக்கிள் செய்யுங்கள். அது 5/5 ஆகிவிடும், 3 அடி தாங்கும். எதிராளி தடுக்கும் கிரியேச்சரை அறிவித்த பிறகு ஃபெட்சை உடைத்து ஷாக்கை நிமிர்த்தினால் சண்டைக்கு நடுவே +3/+3.

கோலகன்ஸ் கமாண்டையும் ஒரு ஃபேட்டல் புஷ்ஷையும் எடுத்துவிட்டு டிரெஸ் டவுன் 2 வைப்பதும் நல்ல மாற்றம். அது எல்லாக் கிரியேச்சரின் திறனையும் அழிக்கும், ஷேடோவின் குறையும் அந்தத் திறன்தான். எந்த லைஃபில் இருந்தாலும் அந்த டர்னுக்கு முழு 13/13. டர்ன் முடியும் எண்ட் ஸ்டெப்பில் டிரெஸ் டவுன் போய்விடும். அப்போது உங்கள் லைஃப் 13-க்குக் கீழே இல்லாவிட்டால் ஷேடோவும் கூடவே போகும்.

கெடுப்பவை

உங்களுக்கு லைஃப் தரும் எதுவும் விஷம். வீட்டு ஆட்டங்களில் வெள்ளை டெக் வைத்திருப்பவர் ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் ஆடுவார். அது ஒரு கிரியேச்சரை நாடுகடத்தி, அதன் பவர் அளவுக்கு, அதைக் கட்டுப்படுத்துபவருக்கு லைஃப் தரும். உங்களிடம் 5 லைஃப், இரண்டு 8/8 ஷேடோ. ஒன்றின் மீது ஸ்வோர்ட்ஸ். 8 லைஃப் ஏறி 13 ஆகும். மற்ற ஷேடோ 0/0, அதுவும் போச்சு. எந்த லைஃபில் இருந்தாலும் கணக்கு 13-இலேயே வந்து நிற்கும். ஸ்வோர்ட்ஸ் ஆடக்கூடியவர் எதிரே இருந்தால் இரண்டாவது ஷேடோவைக் கையிலேயே வையுங்கள், அல்லது ஸ்வோர்ட்ஸை தாட்சீஸால் முதலில் தூக்குங்கள்.

நேராக லைஃபை அடித்துத் தீர்க்கும் சிவப்பு பர்ன் டெக் எதிரே வந்தால் நீங்களாக லைஃபை இறக்கவே கூடாது. அவர் வேலையை நீங்கள் செய்து கொடுப்பதாகிவிடும். அங்கேதான் அந்த ஸ்வாம்பும் ஐலண்டும். ஃபெட்சால் அவற்றையே எடுங்கள், தாட்சீஸைக் கையில் ஆறவிடுங்கள், அவர் போடும் போல்டுகளே ஷேடோவை வளர்க்கட்டும். 4 லைஃபுக்குக் கீழே போனால் ஒரே போல்டில் முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

1/1 டோக்கன்களை (கார்டுகள் உருவாக்கும் சிறு கிரியேச்சர்கள்) வரிசையாக முன்னால் விட்டு உங்கள் 10/10-ஐத் தடுத்துக்கொண்டே இருப்பவருக்கு மருந்து டெமூர் பேட்டில் ரேஜ். இரட்டை அடியும், 4 பவர் இருந்தால் டிராம்பிளும் தரும். 1 எண்ணில் வைத்த சாலிஸ் ஆஃப் த வாய்டு 1 மானா கார்டுகளை மறுக்கும், டெக்கில் லேண்ட் அல்லாத கார்டுகளின் பெரும்பாதியைப் பூட்டும். கோலகன்ஸ் கமாண்ட் 3 மானா என்பதால் தப்பித்து அதை உடைக்கும். டிரெஸ் டவுன் வைத்தவர்கள் கமாண்டை சைட்போர்டிலாவது (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகள்) வையுங்கள்.

அச்சடிப்பும் ஈரமும்

ஃபெட்ச் லேண்டுகள் விலை கூடியவை. டிரெட்நாட் மறுஅச்சே இல்லாத ரிசர்வ்டு லிஸ்டில் இருக்கிறது. வீட்டில் பழக அச்சுப் பிரதி போதும், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் சொந்தப் பிரதிக்கு அனுமதி இல்லை. கார்டின் அளவு 63 × 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் 9 கார்டு, 60-க்கு 7 தாள், சைட்போர்டு 15-உம் சேர்த்தால் 9 தாள். நாகர்கோவிலில் எந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாலும் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வை நீக்கிவிட்டு 100 விழுக்காட்டில் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கார்டு சுருங்கிவிடும். 80 ஜிஎஸ்எம் தாளே போதும். பின்னால் ஒரு பழைய கார்டு வைத்து 66 × 91 ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) நுழைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கட்டுக் கார்டை வைப்பதானால் அகலத்தை அளந்து பாருங்கள். ஒடுங்கிய கட்டு ஸ்லீவுக்குள் ஆடும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்று வேறு. ஃபாயில் கார்டில் தாள் ஈரம் குடிக்கும், உலோகப் படலம் குடிக்காது, அதனால் வளையும். டெக்கில் நாலு கார்டு மட்டும் வளைந்திருந்தால் முதுகைப் பார்த்தே அடையாளம் தெரியும், எதிராளி கேள்வி கேட்பது நியாயம்தான். 4 ஷேடோவையும் ஃபாயில் இல்லாமல் வாங்குங்கள். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

20 ஆட்டம் தனியே

எதிராளி இல்லாமல் 20 முறை 5 டர்ன் வரை ஆடி, ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: எந்த டர்னில் லைஃப் 12-க்கு வந்தது, ஷேடோ எத்தனை டர்ன் இறங்க முடியாமல் கையில் கிடந்தது, ஷேடோ வராத ஆட்டத்தில் 4-ஆவது டர்னுக்குள் களத்தில் என்ன இருந்தது. ஷேடோ அடிக்கடி 2 டர்னுக்கு மேல் கிடந்தால் லைஃபை இறக்கும் கார்டு போதவில்லை, ஒரு டெர்மினேட்டை இரண்டாவது டிஸ்மெம்பராக மாற்றுங்கள். மூன்றாவது பத்தி வெறுமையாக இருந்தால் இன்குவிசிஷன் ஒன்றை எடுத்து மூன்றாவது ஆங்லரை வையுங்கள். நான்காவது வேண்டாம். ஒரே கிரேவ்யார்டை நாலு மீன் தின்ன முடியாது.