‘செயின்ட் ஆன்’ மெட்டை நான்கு குரலில் பாட வைப்பது

‘ஓ காட், அவர் ஹெல்ப் இன் ஏஜஸ் பாஸ்ட்’ பாட்டின் மெட்டுக்கு ‘செயின்ட் ஆன்’ என்று பெயர். ஆங்கில ஆராதனை நடக்கும் நம் சபைகளில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு என்பதாலேயே குவையர்கள் (ஆலயப் பாடகர் குழுக்கள்) இதை ஒழுங்காகப் பயிற்சி செய்வதில்லை. நான் குவையர் நடத்துகிறவள். புதிதாக ஒரு குழு அமைந்தால் முதலில் இந்தப் பாட்டைத்தான் எடுப்பேன். நான்கு குரல்களும் ஒன்றையொன்று கேட்டுப் பாடப் பழக இதைவிட நல்ல பாட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மெட்டு 1708-இல் லண்டனில் வேதாகமச் சங்கீதங்களைப் பாடுவதற்கான ஒரு புத்தகத்தில், இயற்றியவர் பெயர் போடாமல் அச்சானது. இயற்றியவர் வில்லியம் கிராஃப்ட் என்று அறியப்படுகிறது. அவர் ஸோஹோ பகுதியின் செயின்ட் ஆன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மெட்டின் பெயர் அந்த ஆலயத்தின் பெயர்தான். அதே 1708-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆர்கனிஸ்ட் ஆனார். ஐசக் வாட்ஸ் எழுதிய வரிகள் 1719-இல் வந்தன. 90-ஆம் சங்கீதத்தைத் தழுவியவை. ‘ஆண்டவரே, தேவரீர் தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்’ என்று நம் வேதாகமத்தில் தொடங்குகிற சங்கீதம் அது. முதல் பயிற்சியில் அதை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். எதைப் பாடுகிறோம் என்று தெரிந்தபின் குரலே மாறும்.

இனி பயிற்சி. மெட்டை முதலில் எடுக்காதீர்கள்; ஆண்களின் தாழ்ந்த குரலான பேஸிலிருந்து தொடங்குங்கள். பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோவுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும். அவர்கள் பாடத் தொடங்கிவிட்டால் மற்ற மூன்று குரலும் மெட்டுக்குள் நழுவிவிடும், ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் முக்கியமாக. பேஸ் உறுதியானதும் டெனரைச் சேருங்கள். இருவரும் துணையில்லாமல் நான்கு வரியையும் பாட முடிந்தபின் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ, அப்புறம்தான் சோப்ரானோ. சோல்ஃபா (டோ, ரே, மீ முறை) தெரிந்த குழு என்றால் வார்த்தை இல்லாமல் சோல்ஃபாவிலேயே போகலாம். தெரியாதவர்களுக்கு நான் ஸ்வரம் சொல்லிக்கொடுக்கிறேன். சி மேஜர் என்றால் ஒரு கட்டை சுருதி. முதல் வரி: ப, க, த, ப, மேல் ச, மேல் ச, நி, மேல் ச. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கேட்டவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஜாரு கூடாது. பவிலிருந்து கவுக்கு வழுக்கி இறங்கினால் நான்கு குரலும் சேரும் இடம் குழம்பிவிடும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் நேராக வைக்க வேண்டும். அந்த க இன்னொரு விதத்திலும் ஆபத்து. இறங்கும்போது பலரும் ஒரு இழை கூடுதலாக இறங்கிவிடுகிறார்கள், உடனே தவுக்கு ஏறும்போது அதுவும் தாழ்ந்துவிடும். ஆறு சரணம் முடிவதற்குள் குழு மொத்தமும் கால் ஸ்வரம் கீழே போயிருக்கும். க-வை உயரத்தில் வைத்துப் பாடச் சொல்லுங்கள்.

இரண்டாம் வரிதான் மெட்டின் அழகு. ப, மேல் ச, ப, த, ம, ப. இங்கே வரும் ம பிரதி மத்யமம், அதாவது சற்று உயர்ந்த ம; சோல்ஃபாவில் ‘ஃபீ’. அதுவரை சங்கராபரணமாக இருந்தது அந்த ஒரு ஸ்வரத்தில் கல்யாணியின் பக்கம் திரும்புகிறது. மேற்கத்திய முறையில் சொன்னால் பாட்டு ஜி மேஜருக்குப் போய் அங்கே இளைப்பாறுகிறது. பெரும்பாலான புத்தகங்களில் பேஸ் அங்கே ரியிலிருந்து பவுக்குப் போகும். இந்த இரண்டு ஸ்வரத்தையும் பேஸும் சோப்ரானோவும் மட்டும் பாடிப் பார்க்கட்டும்: ம-வுக்கு அடியில் ரி, அப்புறம் இருவரும் ப. ம கொஞ்சம் தாழ்ந்தாலும் அந்தத் திருப்பம் செத்துவிடும். ப-வை நோக்கிச் சாய்த்துப் பாடினால் சரியாக வரும்.

மூச்சு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வரி முடிவில் ‘பாஸ்ட்’ என்பதற்கு ஒரே ஒரு எண்ணிக்கைதான் இருக்கிறது. அடுத்த எண்ணிக்கையிலேயே இரண்டாம் வரி தொடங்கிவிடும். நீளமான ஸ்வரம் இரண்டாம் வரியின் கடைசியில்தான். முதல் சரணத்தில் ‘பாஸ்ட்’டைக் கொஞ்சம் சுருக்கி ஒரு சிறு மூச்சு எடுக்கலாம், அங்கே காற்புள்ளி இருக்கிறது. ஆனால் ‘எ தௌஸண்ட் ஏஜஸ் இன் தை சைட்’ சரணத்தில் வாக்கியம் வரி முடிவில் நிற்காமல் ‘ஆர் லைக் அன் ஈவ்னிங் கான்’ என்று ஓடுகிறது. ‘டைம், லைக் அன் எவர்-ரோலிங் ஸ்ட்ரீம்’ சரணமும் அப்படியே: ‘ஸ்ட்ரீம்’ முடிந்ததும் மூச்சு விட்டால் வினைச்சொல் தனியாகத் தொங்கும். அதே சரணத்தில் ‘ட்ரீம்’ என்பதையும் ‘டைஸ்’ஸோடு சேர்த்தே பாட வேண்டும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை வேகத்தில் பாடினால் இரண்டு வரி ஒரே மூச்சில் முடியும். முடியாதவர்கள் ஒரு சொல்லின் நடுவில் ஆளுக்கு ஓர் இடத்தில் மூச்சு எடுக்கட்டும். இந்த இடங்களில் வரி முடிவில் மட்டும் யாரும் எடுக்கக் கூடாது.

உச்சரிப்பில் நம் நாக்கின் பழக்கம் ஒன்று உண்டு. ‘ஹெல்ப்பு’, ‘பாஸ்ட்டு’ என்று கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். ‘ஹெல்ப் இன்’ என்பதை ‘ஹெல்-பின்’ என்று பிரித்துச் சொல்லிப் பழகினால் அது போய்விடும். ‘ஸ்ட்’ ஒலியை எல்லாரும் ஒரே நேரத்தில் முடிக்க என் கையைப் பார்க்கச் சொல்வேன்.

சரணங்களை எல்லாம் ஒரே மாதிரி பாட வேண்டாம். 1941 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போர்க்கப்பலின் தளத்தில் நடந்த ஆராதனைக்கு பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் தேர்ந்தெடுத்த பாட்டுகளில் இதுவும் ஒன்று. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் கூட இருந்தார். கூட்டமாக நின்று பாடினால் தாங்கும் மெட்டு இது. ஆகவே முதல் சரணமும் கடைசிச் சரணமும் சபையோடு சேர்ந்து எல்லாரும் மெட்டையே பாடட்டும், ஆர்கனோ கீபோர்டோ முழுச் சத்தத்தில் வாசிக்கட்டும். நடுவில் உள்ளவை நான்கு குரலில். ‘டைம்’ சரணத்தில் மட்டும் கருவியை நிறுத்திவிடுங்கள். அங்கேதான் உங்கள் உழைப்பு முழுதும் வெளியே தெரியும். அது முடிந்து கருவி மறுபடி சேரும்போது சுருதி இறங்கியிருந்தால் சபையே கவனிக்கும் என்பதால், ஒவ்வொரு பயிற்சியிலும் இந்தச் சரணத்தின் கடைசி ஸ்வரத்தைப் பிடித்தபடி நிற்கச் சொல்லி, கீபோர்டில் சி-யைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.