புகையூட்டம் விதைநெல்லின் முளைப்பைக் குறைத்ததா என்று கண்டறியும் முறை

தை மாதத்தில் அறுத்த சம்பா நெல்லை ஆவணி விதைப்புக்கென எடுத்து வைப்பவர்கள், முளைப்பு குறைந்தால் பெரும்பாலும் பூச்சிகளைக் கொல்ல நச்சுவாயு செலுத்தும் புகையூட்டத்தையே பழிக்கிறார்கள். நன்கு காய்ந்த நெல்லை, புகையூட்டத்தில் பயன்படும் பாஸ்பீன் வாயு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஈரமும் கோடை வெப்பமும் செய்யும் சேதமே பெரிது. உங்கள் நெல்லில் நடந்தது எது என்பதைக் கீழ்க்கண்ட முறையில் பிரித்தறியலாம்.

முதலில் நெல்லைக் காயவையுங்கள். சாக்கில் வைக்கும் விதைநெல்லின் ஈரப்பதம் 13 சதவீதத்தையும், காற்றுப்புகாத கலனில் அடைப்பதானால் 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது இந்திய விதைச் சான்றளிப்புத் தரம். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தாலே விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டனின் விதி. பல்லால் கடித்துப் பார்க்கும் வழக்கத்தால் 12-க்கும் 14-க்கும் வேறுபாடு தெரியாது. ஈரமானி வாங்குவதே என் பரிந்துரை.

அடுத்தது ஒப்புமாதிரி. பலர் தவிர்த்துவிடும் இந்தப் படியில்தான் முழுச் சோதனையும் நிற்கிறது. சாக்குகளின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்து நெல் எடுத்துக் கலந்து, அதில் ஒரு கிலோவைத் துணிப்பையில் கட்டிப் புகையூட்டாமல் வைத்திருங்கள். புதுநெல்லுக்கு இரகத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் விதையுறக்கம் இருப்பதால், அறுத்தவுடன் சோதித்தால் முளைப்பு குறைவாகவும், உறக்கம் கலைந்தபின் சோதித்தால் கூடுதலாகவும் தெரியும். ஆகவே புகையூட்டத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை சோதித்து, அந்த இரு எண்களை மட்டும் ஒப்பிடுவது உங்களைத் திசைதிருப்பும். புகையூட்டிய நெல்லையும் ஊட்டாத நெல்லையும் ஒரே நாளில் சோதிப்பதே சரி.

புகையூட்டத்தை நீங்களே செய்யாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடின் 3 கிராம் மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஒரு கிராம் பாஸ்பீனை வெளியிடும்; அது உயிரைப் பறிக்கும் வாயு, இந்தியாவில் அதன் பயன்பாடும் கட்டுப்படுத்தப்பட்டது. உரிமம் பெற்றவரை அழைத்து, குடியிருக்கும் வீட்டிலிருந்து விலகிய கிடங்கில் செய்யச் சொல்லுங்கள். முட்டையும் கூட்டுப்புழுவும் வாயுவைத் தாங்குபவை என்பதால், மூட்டைகளை மூடிய தார்ப்பாயை ஓரிரு நாளில் பிரிக்க அவசரப்படுத்தாதீர்கள்.

முளைப்புச் சோதனைக்கு ஈரச்சாக்கை விட, ஈரத்தாளில் விதைகளை வைத்துச் சுருட்டும் முளைப்புத்தாள் சுருளையே நான் விரும்புகிறேன். சாக்கில் வேர்கள் இழைகளோடு பின்னி எண்ண முடியாமல் போகும். ஒவ்வொரு மாதிரியிலும் நூறு நூறாக நான்கு சுருள்கள் வைத்து, 14-ஆம் நாளில் வேரும் தளிரும் ஒழுங்காக வளர்ந்த நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். சான்று விதைக்கான குறைந்தபட்ச அளவு 80 சதவீதம். புகையூட்டியது, ஊட்டாதது இரண்டிலும் முளைப்பு ஒருசேரக் குறைந்திருந்தால் சேமிப்பில்தான் கோளாறு. புகையூட்டியது மட்டும் தெளிவாகக் குறைந்திருந்தால், நெல் ஈரமாக இருந்தபோது வாயு செலுத்தப்பட்டதா என்று விசாரியுங்கள்.

பின்சேர்க்கை: ஒப்புமாதிரிப் பையிலிருந்து அந்துப்பூச்சி பெருகி, புகையூட்டிய மூட்டைகளிலும் ஏறிவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாஸ்பீன் கலைந்தபின் எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது. எனவே அந்தப் பையை அதே வெப்பமும் ஈரமும் உள்ள வேறோர் அறையில் வையுங்கள். எண்ணும்போது துளையிட்ட நெல்மணிகளைத் தனிக் கணக்கில் எழுதுங்கள், இல்லாவிட்டால் பூச்சி தின்ற சேதமும் முதுமையால் வந்த இழப்பும் கலந்துவிடும்.