கறி பிராசஸிங் யூனிட் கட்டப் போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்: மிஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி படிங்க

அப்பா, சித்தப்பா, தம்பி, நான் எல்லாருக்குமே இதுதான் வேலை, பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு கோழி, ஆட்டுக்கறி யூனிட்டுக்கு டிராயிங், கோல்ட் ரூம், டிரெய்னேஜ், கழிவுத்தண்ணி பிளான்ட் டிசைன் போட்டுக் குடுக்கோம். எங்ககிட்ட வாரவங்க நிறைய பேரு மிஷினுக்குப் பணம் கட்டிட்டுத்தான் வாராங்க. "அடுத்த மாசம் மிஷின் வந்துரும் அண்ணாச்சி, ஷெட்டு மட்டும் போட்டுக் குடுங்க"ன்னு கேக்காங்க. இதுதான் முதல் தப்பு. மிஷின பிடிக்கலன்னா வித்துட்டு வேற வாங்கிக்கிடலாம், ஆனா தரை வாட்டம் (தண்ணி ஓடுறதுக்கான சரிவு), மனை மட்டம், ஆளு நடக்குற வழி இதெல்லாம் கான்கிரீட் போட்டபிறகு மாத்தணும்னா பாதி கட்டடத்த உடைக்கணும். பிறகு மாத்த முடியாததத்தான் முதல்ல யோசிக்கணும்.

கறி ஒரே திசையில போகணும். உயிர்க்கோழி இறங்குறது, அறுக்குறது, சுடுதண்ணில முக்குறது, இறகு எடுக்குறது எல்லாம் அழுக்குப் பக்கம், குடல் எடுத்து கழுவினபிறகு குளிர வைக்கிறது, பேக்கிங், வண்டி ஏத்துறது சுத்தப் பக்கம். ரெண்டுக்கும் ஒரே வாசல், ஒரே ரப்பர் பூட்ஸுன்னு விட்டா நீங்க எவ்வளவு கழுவினாலும் பிரயோசனம் இல்ல. தரைத்தண்ணி இதுக்கு நேர் எதிரா ஓடணும், சுத்தப் பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கத்துக்கு. நம்ம கொத்தனார்மாரு பாத்ரூம் வாட்டம்தான் போடுவாங்க, அது பத்தாது, மீட்டருக்கு ஒன்றரைல இருந்து 2 சென்டிமீட்டர் வேணும்னு டிராயிங்லயே எழுதிருங்க, நின்னு பாத்தும் வாங்கிருங்க.

காத்தையும் பாக்கணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் செங்கோட்டை கணவாய் வழியா மேற்க இருந்து வார மேல்காத்து ஆலங்குளம், தென்காசி பக்கம் எப்படி அடிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உயிர்க்கோழி இறக்குற இடத்த மேற்க வச்சா இறகும் நாத்தமும் நேரா பேக்கிங் ரூமுக்குள்ளதான் வரும், அதனால அத கிழக்கதான் வைக்கச் சொல்லுதோம். அப்போ பேக்கிங் மேற்க வந்துரும், சாயங்கால வெயிலு அந்தச் சுவத்துலதான் விழும், அதுக்கு மேற்குப்புறம் நீளமா ஒரு வராண்டாவோ அட்டைப்பெட்டி ஸ்டோரோ விட்டுட்டா சரியாயிரும்.

ரத்தத்துக்கு வருவோம், இதுலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். வீட்டுச் சாக்கடைத் தண்ணில பிஓடி (அழுக்க மக்க வைக்க கிருமிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, கூடக் கூட அழுக்கு ஜாஸ்தி) லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம்தான் இருக்கும், சுத்த ரத்தத்துல 1 லட்சத்துக்கும் மேல. அத தண்ணியோட சேத்து கழுவி விட்டுட்டா எந்த பிளான்ட்டும் தாங்காது, பிறகு ராத்திரியில வாய்க்கால்ல திறந்து விடுத புத்தி வரும். நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் இதுல எல்லாம் வயலு பாயுது, தாமிரபரணித் தண்ணியத்தான் நாம குடிக்கோம். ரத்தத்துக்குன்னு தனித் தொட்டி, தனிக் குழாய், கட்டாயம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல கட்டுறதுக்கு முன்னாடி ஒரு அனுமதி, ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு அனுமதின்னு ரெண்டு இருக்கு, முதல்ல கட்டிட்டு பிறகு கேக்கலாம்னு நினைக்காதீங்க.

2023 டிசம்பர் 17, 18ல இங்க வெள்ளம் வந்த மழைக்குப் பிறகு மனை பாக்கப் போனா அந்த ஊர்ப் பெரியவங்ககிட்ட தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கேக்காம நாங்க மட்டம் எடுக்கதில்ல. ஜெனரேட்டரும் பேனல் போர்டும் அந்த மட்டத்துக்கு மேல இருக்கணும், டிரெய்ன் வெளிவாயில வெள்ளம் திரும்பி ஏறாம ஒரு வால்வும் போடணும்.

கோல்ட் ரூம்ல நடக்குற பெரிய தப்பு, அறுத்த சூட்டோட கறிய நேரா மைனஸ் 18 ரூம்ல வைக்கது. கோழி உடம்பு சூடு 41 டிகிரி, அந்த ரூம் ஏற்கெனவே உறைஞ்சத வைக்கத்தான். முதல்ல சில்லர்ல 4 டிகிரிக்குக் கீழ இறக்கி, பிறகு மைனஸ் 35, 40ல ஓடுற பிளாஸ்ட் ஃப்ரீசர்ல உறைய வச்சு, அப்புறம்தான் ஸ்டோர். ஃப்ரீசர் தரைக்கு அடியிலயும் இன்சுலேஷன், அதுக்குக் கீழ ஹீட்டரோ காத்துக் குழாயோ வேணும், காசு மிச்சம்னு விட்டா மண்ணுல உள்ள ஈரம் உறைஞ்சு தரைய மேல தூக்கிரும். கண்டென்சர (ரூம் சூட்ட வெளிய தள்ளுற பாகம்) 35 டிகிரி வெயிலுக்கு கணக்குப் போட்டு குடுப்பாங்க, வாங்காதீங்க, நம்ம ஊரு மே மாசத்துக்கு 45னு சொல்லிக் கேளுங்க.

ஆட்டுக்கு இன்னொண்ணு. 2001ல வந்த அறுவைக்கூட விதிப்படி ஒரு கால்நடை டாக்டர் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல பாக்கக்கூடாது. ஒரே டாக்டர வச்சுக்கிட்டு நாளைக்கு 300 ஆட்டுக்கு லைன் வாங்கினா அது சும்மாதான் கிடக்கும்.

எங்ககிட்டனாலும் சரி, வேற எந்த இன்ஜினியர்கிட்டனாலும் சரி, போகும்போது மனை சர்வே, போர் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் (மானூர், ராதாபுரம் பக்கம் உப்புத்தண்ணின்னா பாய்லர்ல படிஞ்சிரும்), நாளைக்கு எத்தனை உருப்படி, கறி ஃப்ரெஷ்ஷா போகுதா உறைய வச்சு போகுதா, இந்த நாலையும் கையில கொண்டு போங்க.