புறாமலைக்கு ஒரு நாள்: நிலாவெளியிலிருந்து ஸ்நோர்க்லிங் போவது எப்படி

திருகோணமலை டவுனிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே 16 கிலோமீட்டர் அளவு போனால் நிலாவெளி. அங்கே கடற்கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாறைத் தீவு தெரியும். வரைபடத்தில் புறாத்தீவு, ஊரில் பலருக்கு அது புறாமலை. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. ஹிக்கடுவையைப் போல இதுவும் கடலையும் சேர்த்துப் பாதுகாக்கும் பூங்கா. ஏறத்தாழ 100 வகை முருகைக்கற்களும் (தமிழ்நாட்டில் பவளப்பாறை என்பீர்கள்) 300 வகை மீன்களும் இங்கே பதிவாகியிருக்கின்றன, அதுவும் பெரும்பாலும் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரிலேயே பார்க்கலாம். அதனால்தான் முதன்முதலாக ஸ்நோர்க்லிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் வைத்து, குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது) செய்கிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்கிறேன். அதே காரணத்தால்தான் பயமாகவும் இருக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் உயிருள்ள முருகைக்கல் இருந்தால், தடுமாறுகிற ஆள் முதலில் கால் வைப்பது அதன்மேல்தான். இங்கே சொல்லும் பாதி விஷயம் அந்தக் கால் கீழே போகாமல் இருப்பதற்காக.

எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை. நவம்பரிலிருந்து வாடைக் காற்றும் மழையும் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளும், கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும், போனாலும் ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களில் உங்களுக்கு விடுமுறை என்றால் தெற்குக் கரைக்குப் போங்கள், அங்கே அப்போதுதான் கடல் அமைதி. ஆனால் நல்ல பருவத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது: கச்சான். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து, அதாவது தரைப் பக்கமிருந்து அடிக்கும் வறண்ட காற்று. கரையோரம் கடல் தட்டையாகத் தெரியும், அலையே இருக்காது, ஆபத்தில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தக் காற்று மிதக்கிற எதையும் வெளிக்கடல் பக்கம் தள்ளும். காற்று ரியூப், காற்றடைத்த மெத்தை மாதிரி எதையும் குழந்தைகளிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். நீந்தும்போது முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்த பிறகு திரும்பி வரும்போது காற்று உங்களைக் கொண்டுவரும்.

நாளைப் பொறுத்தவரை வார நாள்தான் நல்லது. சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி) விடுமுறை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை எல்லாம் கூட்டம். நேரம் காலை, அதுவும் முதல் படகுகளில் ஒன்று. பத்துப் பேர் தண்ணீரில் இறங்கி மணலைக் கிளப்பிவிட்டால் பிறகு வருகிறவருக்குப் பால் கலந்த தண்ணீர்தான். சுறாக்களும் ஆட்கள் குறைவாக இருக்கும்போதுதான் கரைக்குக் கிட்ட வரும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் திருகோணமலை வரலாம், ஆனால் இறங்கிய கையோடு தீவுக்கு ஓடாதீர்கள். தூங்காத உடம்போடு கடலில் இறங்குவது சரியில்லை. முதல் நாள் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்குங்கள். டவுனிலிருந்து குச்சவெளி, புல்மோட்டை பக்கம் போகிற பஸ் நிலாவெளி வழியாகத்தான் போகும், இல்லாவிட்டால் ஓட்டோ. உப்புவெளியிலிருந்தும் படகு கிடைக்கும், ஆனால் கடலில் தூரம் கூட, நன்றாக நனைவீர்கள், குழந்தைகளுக்கு வாந்தி வரலாம். நிலாவெளியிலிருந்து கால் மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும். நான் நிலாவெளியைத்தான் சொல்வேன்.

முதல் நாள் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். அன்று மாலை நிலாவெளிக் கரையில், கடல் அமைதியாக இருந்தால், இடுப்பளவு தண்ணீரில் மாஸ்க்கைப் போட்டுப் பழகுங்கள். கீழே வெறும் மணல். எத்தனை தடவை எழுந்து நின்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்கப் பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள், கையை எடுத்தாலும் அது முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் அந்த மாஸ்க் உங்களுக்கானது இல்லை, பட்டியை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, இறுக்க இறுக்கத் தண்ணீர் கூடத்தான் வரும். விளிம்புக்குள் ஒரு முடிகூட இருக்கக் கூடாது. மீசை வைத்தவர்கள் மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் கசிவு குறையும். உள்கண்ணாடியில் எச்சிலைத் தடவி ஒரு தரம் அலசினால் ஆவி படியாது, அருவருப்பாக இருந்தால் ஒரு துளி பேபி ஷாம்பு. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் உள்ள மாஸ்க் விற்கிறார்கள், கிட்டப்பார்வை அதிகம் என்றால் அதை வாங்கிவிடுங்கள், கிட்டப் போய் உற்றுப் பார்க்கிற தேவை இருக்காது. வாடகை மாஸ்க்கும் கரையில் கிடைக்கும், ஆனால் ரப்பர் காய்ந்துபோனது கையில் வந்தால் அன்றைய நாளே வீண், ஆகவே மாஸ்க்கையும் குழாயையுமாவது சொந்தமாகக் கொண்டுவாருங்கள்.

முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் சட்டென்று கழற்ற முடியாது, விட்ட மூச்சே உள்ளே தங்கவும் வாய்ப்பிருக்கிறது.

பிறகு மூச்சு. குழாயின் வாய்ப்பகுதியைப் பல்லால் லேசாகப் பிடித்து, உதட்டால் மூடி, முகத்தைத் தண்ணீரில் வைத்து நின்றபடியே மூச்சு விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனம் அடங்கும். குழாயில் தண்ணீர் வந்தால் 'தூ' என்று ஒரே ஊது, வெளியே போய்விடும், அதற்கு நெஞ்சில் எப்போதும் கொஞ்சம் காற்றை மீதம் வைத்திருங்கள். அப்புறம் கால்களைத் தூக்கிக் குப்புற மிதங்கள். கடைசியாக ஒன்று, இதை மட்டும் தவறவிடாதீர்கள்: பயம் வந்தால் காலை ஊன்றாமல் மல்லாக்கத் திரும்பிக் குழாயை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்து மூச்சு விடுவது. இது கைவந்துவிட்டால் அடுத்த நாள் முருகைக்கல்லில் கால் ஊன்றத் தேவையே வராது. நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பழகலாம், ஆனால் தீவில் நீந்தத் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

காலையில் டிக்கெட். வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் கருமபீடம் நிலாவெளிக் கரையிலேயே இருக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. இலங்கையர்கள் அடையாள அட்டையையும் மற்றவர்கள் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்பதோடு சேவைக் கட்டணம் என்று ஒன்று குழுவுக்குச் சேர்த்து வரும், வரியும் உண்டு. படகுக்கும் ஆள் கணக்கில்லை, படகுக்கு இவ்வளவு என்றுதான். எனவே இரண்டு பேராகப் போனால் கைக்கடிக்கும், கரையில் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் பாதியாகும். படகு ஓட்டுகிற அண்ணனிடம் ஏறுமுன்னே மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: எத்தனை மணிக்குத் திரும்புவது, லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் இருக்கிறதா, அவருடைய போன் நம்பர் என்ன. இன்று எந்தப் பக்கம் தண்ணீர் தெளிவு, எங்கே இறங்கினால் மணல், நீரோட்டம் எப்படி என்றும் அவரையே கேளுங்கள், தினமும் பார்க்கிறவர் அவர். அதிகாலையில் திமிங்கிலம் காட்டிவிட்டு அப்படியே தீவுக்கும் கூட்டிப்போகிறேன் என்று சிலர் சொல்வார்கள். திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் வருவது உண்மைதான், ஆனால் அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். திறந்த கடலில் சில மணி நேரம் வெயில் குடித்துவிட்டு வந்தால் தீவில் இறங்கும்போது தலைவலிதான் மிஞ்சும், நல்ல காலை நேரமும் போய்விடும்.

தீவில் கடை கிடையாது, நிழலும் குறைவு. கழுவித் திரும்பப் பயன்படுத்தும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள், பொலித்தீன் பையும் ஒருதரம் பாவிக்கும் பிளாஸ்டிக்கும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பாட்டு டப்பா, தொப்பி, துவாய், நனையாத பை போதும். கரையில் மணலோடு உடைந்த முருகைக்கல் துண்டுகள் குவிந்து கிடக்கும், வெறுங்காலுக்குக் குத்தும், பின்பட்டி உள்ள செருப்பு நல்லது. அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துவராதீர்கள், தேசியப் பூங்காவிலிருந்து எதை எடுத்தாலும் சட்ட மீறல்.

வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் காற்சட்டையும்தான் சரி. குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான் பொசுங்கும், தண்ணீரில் சூடு தெரியாது. சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் இல்லாத, ஜிங்க் ஆக்ஸைடு உள்ள வகையாகப் பாருங்கள். முருகைக்கல்லுக்குக் கெடுதல் என்று அந்த இரண்டையும் ஹவாய் 2018இல் சட்டம் போட்டு 2021 முதல் விற்கத் தடை செய்தது.

இனித் தண்ணீர். மணல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அங்கேயே ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து இறங்குங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் குப்புறப் படுத்துவிடுங்கள், அதற்குமேல் நடக்காதீர்கள். உங்கள் வயிற்றுக்கும் முருகைக்கல்லுக்கும் இடையே ஒரு கை நீளமாவது இல்லை என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், சுற்றிப் போங்கள். கைகளை முன்னால் கட்டிக்கொள்ளுங்கள், கால்களை இடுப்பிலிருந்து மெதுவாக அசையுங்கள். சைக்கிள் மிதிப்பது போல உதைத்தால் ஃபின்ஸ் கீழே இடிக்கும்.

முருகைக்கல் கல் இல்லை, உயிர். நுண்ணிய பிராணிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன, அவற்றின் உடம்புக்குள் இருக்கிற பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கிற உணவில்தான் பெரும்பகுதி வாழ்க்கை. கடல் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். உருண்டையாக வளர்கிற வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும், தாச்சி (வாணலி) அளவு உருண்டை உங்களைவிட மூத்ததாக இருக்கலாம். 1998 வெப்பத்தில் இலங்கையின் பல முருகைக்கல் திட்டுகள் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. தப்பியதை நம் குதிகாலால் உடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அசையாமல் ஒரே இடத்தில் மிதந்தால்தான் அதிகம் தெரியும். நீங்கள் வந்ததும் ஒளிந்த மீன்கள் கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். கிளிமீன் முருகைக்கல்லைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். செட்டை நுனி கறுத்த சுறாதான் பலரும் பார்க்க வருவது. ஒன்றரை மீட்டர் அளவு வளரும், கூச்ச சுபாவம், ஆட்களைக் கண்டால் விலகிப்போகும். துரத்தாதீர்கள், பாறைக்கும் கரைக்கும் இடையில் மடக்காதீர்கள், எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள். ஆமை வந்தால் மேலே மூச்சு எடுக்கிற வழியை மறிக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். படம் எடுக்கப் போன் பையைத் தூக்கிக்கொண்டு நீந்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு கை வேறு வேலையில் இருந்தால் உடம்பு சாயும், கால் கீழே போகும்.

அரை மணிக்கு ஒரு தரம் கரைக்கு வந்து தண்ணீர் குடியுங்கள். குளிர் எடுத்தாலோ காலில் நரம்பு இழுத்தாலோ அன்றைக்குப் போதும். களைப்பாற உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மேலே பாறையைப் பாருங்கள், புறாக்கள் போய்வரும். கூட்டுப் பக்கம் ஏறாதீர்கள்.

முருகைக்கல் கீறியிருந்தால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உள்ளே துகள் இல்லாமல் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள், சிவந்து வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரால் அலசுங்கள், மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. மாஸ்க்கையும் ஃபின்ஸையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். மாலை நேரம் மிச்சமிருந்து டவுன் பக்கம் போகிறீர்கள் என்றால் அனுராதபுரம் வீதியில் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். தோள் வெயிலில் சிவந்திருந்தால் மட்டும் சூடு குறைந்த கிணற்றைத் தேடுங்கள்.