ஆம்ப் பாடவில்லையா? முதலில் சீரிஸ் பல்பைப் போடுங்கள்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: உப்புக்காற்று. ஸ்பீக்கர் சாக்கெட், பியூஸ் ஹோல்டர், பாட்டு ஒயர் செருகும் ஆர்சிஏ பின் எல்லாம் பச்சை பூத்துவிடும். ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இவற்றைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் அந்தக் கன்ட்ரோலுக்குள்ளும் கொஞ்சம் அடிக்கலாம்.

அப்படியும் பாடவில்லை என்றால் மூடியைத் திறக்கலாம். 12-0-12 ட்ரான்ஸ்ஃபார்மரும் (நடு ஒயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் ஏசி தருவது) டிடிஏ2030 ஐசியும் போட்ட லோக்கல் செட்டை வைத்துச் சொல்கிறேன்.

பியூஸ் எரிந்திருக்கிறதா? அதன் மேல் ஒயர் இழையைச் சுற்றி ஓட்டும் வேலை வேண்டவே வேண்டாம். பியூஸ் சும்மா போகாது. அதே அளவு புதுசு போடுங்கள். ஆனால் செட்டை நேராக 230 வோல்ட்டில் செருகாதீர்கள்.

இங்கேதான் சீரிஸ் பல்பு வேண்டும். ஒரு பலகையில் பல்பு ஹோல்டர், பக்கத்தில் ஒரு சாக்கெட். ஃபேஸ் ஒயர் பல்புக்குள் போய் வெளியே வந்து சாக்கெட்டில் ஏற வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகும். பல்பு பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பாகவே இருக்கட்டும், எல்ஈடி இதற்கு உதவாது. ஒயரிங் பழக்கமில்லை என்றால் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது, கண்டென்சர் (சார்ஜைச் சேமிக்கும் உருளை) சார்ஜ் ஆகியிருக்கிறது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட்.

ஷார்ட்டைப் பிடிக்க ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கண்டென்சர் ஒவ்வொன்றின் கால்களுக்கும் நடுவே 100 ஓம்ஸ் 5 வாட்ஸ் ரெசிஸ்டரைச் சில விநாடிகள் வைத்து சார்ஜை இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தீப்பொறி பறக்க இறக்குவது வீரம் இல்லை. அப்புறம் ஐசி போர்டுக்குப் போகும் சப்ளை ஒயர்களைக் கழற்றிவிட்டு, பிளக்கைச் செருகி மறுபடி சுவிட்சைப் போடுங்கள். பல்பு மங்கினால் கோளாறு போர்டில். அப்போதும் எரிந்தால் டையோடு, கண்டென்சர் பக்கம். ட்ரான்ஸ்ஃபார்மரின் 12-0-12 ஒயர்களையும் கழற்றிய பிறகும் எரிகிறதா? ட்ரான்ஸ்ஃபார்மரே காலி.

போர்டுதான் என்றால், பவர் இல்லாமல் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஐசியின் 4-ஆம் காலுக்கும் 5-க்கும், பிறகு 4-க்கும் 3-க்கும் பாருங்கள். 4 அவுட்புட், 5 பிளஸ், 3 மைனஸ். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் ஐசி போச்சு. புதுசு மாட்டும்போது மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டையும் ஸ்க்ரூ வாஷரையும் மறக்காதீர்கள். இந்த ஐசியின் முதுகுத் தகடு உள்ளே 3-ஆம் காலோடு சேர்ந்தது. சேஸிஸோடு (செட்டின் உலோகக் கூடு) இணைந்த ஹீட் சிங்க்கில் (சூட்டை இறக்கும் தகடு) அது பட்டால் மைனஸ் சப்ளை ஷார்ட் ஆகிவிடும்.

பாடுகிறது, ஆனால் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். இரைச்சல் நின்றால் இன்புட் ஒயரின் எர்த்தைப் பாருங்கள். நிற்காவிட்டால் முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர், அதாவது அந்தப் பெரிய கண்டென்சர் மேல்தான். தலை உப்பியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் மட்டும் குறையக் கூடாது.

ஸ்பீக்கரை மாட்டும் முன் கடைசியாக ஒன்று. பல்பு வழியாகவே ஆன் செய்து சப்ளையைப் பாருங்கள். கிரவுண்டிலிருந்து இரு பக்கமும் சுமார் 16 வோல்ட் வரும், பல்பு இருப்பதால் கொஞ்சம் குறையலாம். பிறகு ஸ்பீக்கர் சாக்கெட்டில் டிசி வோல்ட் பாருங்கள். 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். பல வோல்ட் காட்டினால் மாட்டாதீர்கள், ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் கருகிவிடும்.

உதிரி பாகங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட். டூப்ளிகேட் ஐசியும் அங்கே புழங்குகிறது. கையில் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.