போக்கர் கை ஒன்றை ஆடி முடித்தபின் அலசுவது எப்படி? 304 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு செய்முறை

304 என்ற துரும்புக் கடுதாசி ஆட்டம் ஆடும் வீடுகளில் கடைசிக் கடுதாசி விழுந்த கையோடு "துரும்பை ஏன் அப்பவே இறக்கேல்லை?" என்று வாதம் தொடங்கிவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் அதே முறையைப் போக்கருக்குக் கொண்டுவந்தால் சத்தம்தான் மிஞ்சும். 304-இல் 32 கடுதாசியும் கடைசியில் எல்லோர் கண்முன்னும் விழுகின்றன. பிழை எங்கே என்று பின்னோக்கி எண்ணிப் பிடிக்கலாம். போக்கரில் பல கைகள் கடுதாசியைக் காட்டாமலே முடிந்துபோகும். எதிராளியின் இரண்டு கடுதாசி தெரியாத நிலையில் எடுத்த முடிவு சரியா என்பதைத்தான் நாம் அலசப் போகிறோம்.

இங்கே சொல்வது ரெக்ஸஸ் ஹோல்டெம் வகை. ஆளுக்கு இரண்டு கடுதாசி கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (புளொப்), பிறகு ஒன்று (ரேர்ண்), கடைசியாக ஒன்று (றிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்றுப் பந்தயம்.

சாமான்கள்

52 கடுதாசியுள்ள புதுக் கட்டு ஒன்று வேண்டும். 304-க்கு வைத்திருக்கும் பழைய கட்டில் ஒதுக்கிவைத்த 20 கடுதாசியை (2 முதல் 6 வரை) திரும்பச் சேர்த்து ஆட வேண்டாம். 32 கடுதாசி கைபட்டு ஓரம் மங்கியிருக்கும், அந்த இருபதும் வெள்ளையாக நிற்கும். முதுகைப் பார்த்தே "சின்னக் கடுதாசி வைத்திருக்கிறார்" என்று சொல்லிவிடலாம். ஆட்டமே கெட்டுவிடும்.

காசு வைக்க வேண்டாம். புளியங்கொட்டை ஒன்றுக்கு 1, சோடா மூடி ஒன்றுக்கு 10 என்று வையுங்கள். ஆளுக்கு 30 கொட்டையும் 17 மூடியும், மொத்தம் 200. ஐந்து பேருக்கு 150 கொட்டை, 85 மூடி. மூடிகளைக் கூல்பாரில் கேட்டால் தருவார்கள். கழுவிக் காயவைத்து எடுங்கள், இல்லையென்றால் கடுதாசி பிசுபிசுக்கும். சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2 (கடுதாசி பார்க்க முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை). மேலே ஒரு கொப்பி, பேனை, கிழித்த கடதாசித் துண்டுகள், வெறுங்கோப்பை ஒன்று. சோளகக் காலத்தில் விறாந்தையில் இருந்து ஆடாமல் உள்ளே பாய் விரியுங்கள், காற்றில் கடுதாசி புரண்டால் அந்தக் கை வீண்.

304 பழக்கம் கெடுக்கும் இடங்கள்

304-இல் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. நான்கு இனத்துக்கும் கூட்டினால் வருவதுதான் அந்த 304. போக்கரில் இந்த வரிசை கிடையாது. ஏஸ், ராசா, ராணி, ஜாக், பத்து, ஒன்பது என்றே இறங்கும். கையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தவுடன் பழைய ஆட்டக்காரரின் முகம் மலரும், அடுத்த நிமிடம் றெயிஸும் (பந்தயத்தை ஏற்றுவது) போவார். இது முதல் நாட்களில் எல்லோருக்கும் நடக்கும் பிழை. ஒரு துண்டில் வரிசையை எழுதிப் பாயின் ஓரத்தில் வையுங்கள்.

துரும்பும் இல்லை, சோடி ஆளும் இல்லை. கை நடக்கும்போது எவரும் எவருக்கும் யோசனை சொல்லக் கூடாது. போல்ட் செய்தவர் (கையை மடக்கி விலகியவர்) தான் போட்டது என்ன என்றுகூடச் சொல்லக் கூடாது. "நான் ஏஸை எறிஞ்சிட்டன்" என்ற ஒரு வார்த்தை, இன்னும் ஆடுகிறவரின் கணக்கை மாற்றிவிடும்.

படி 1: கையைக் கொப்பியில் எழுதுங்கள்

நினைவை நம்பி வாதிட்டால் பத்து நிமிடத்தில் பந்தயத் தொகையே ஆளுக்கொன்றாக மாறிவிடும். அந்தக் கையில் இல்லாத ஒருவர் எழுதட்டும். யார் எங்கே இருந்தார், ஆளுக்கு எவ்வளவு இருந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் யார் எவ்வளவு போட்டார், அந்தக் கட்டம் முடிய நடுவில் எவ்வளவு. இவ்வளவு போதும்.

மாதிரிக்கு ஒரு கை. பட்டனில் (கடுதாசி பிரிப்பவரின் இடம்) மச்சான், பெரிய பிளைண்டில் தம்பி. இருவரிடமும் 200.

முதற்சுற்று: மற்றவர்கள் போல்ட். மச்சான் 6-க்கு றெயிஸ். சின்ன பிளைண்ட் போல்ட். தம்பி கையில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) 8, ஆட்டின் 7. மேலும் 4 போட்டுக் கோல் (எதிராளி போட்ட அளவுக்குத் தானும் போடுவது). நடுவில் 13.

புளொப்: ஆட்டின் ராணி, ஆட்டின் 3, கிளாவர் ராசா. தம்பி செக் (பந்தயம் போடாமல் விடுவது). மச்சான் 7. தம்பி கோல். நடுவில் 27.

ரேர்ண்: இஸ்பேட் 2. தம்பி செக். மச்சான் 18. இப்போது தம்பி என்ன செய்ய வேண்டும்?

அந்த 13-இல் சின்ன பிளைண்ட் விட்டுப்போன 1 கொட்டையும் இருக்கிறது. பெரும்பாலும் மறந்துபோவது அதுதான்.

படி 2: கோப்பையால் மூடுங்கள்

கை முடிந்ததும் மச்சானின் இரண்டு கடுதாசியையும் எவரும் பார்க்காமல் குப்புற வைத்துக் கோப்பையைக் கவிழ்த்து விடுங்கள். றிவர் கடுதாசியையும் அதற்குள்ளேயே தள்ளுங்கள். அது ஏற்கெனவே எல்லோரும் கண்டதுதான், ஆனாலும் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. ஐந்தாவது ஆட்டின் வந்து (ஐந்தும் ஒரே இனமென்றால் பலமான கை) தம்பி வென்றிருந்தால் "நல்ல கோல்" என்பார்கள். வராவிட்டால் "விசர்க் கோல்" என்பார்கள். தம்பி முடிவெடுத்த நேரத்தில் அந்தக் கடுதாசி கட்டுக்குள் இருந்தது. அதைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

பிறகு ஒவ்வொருவரும் துண்டில் ஒரு சொல் எழுத வேண்டும்: போல்ட், கோல், அல்லது றெயிஸ். பக்கத்தில் ஒரு வரியில் காரணம். எழுதி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மாமா முதலில் "இது போல்ட்தான்" என்று சொல்லிவிட்டால் இளையவர்கள் "ஓம் மாமா" என்றுதான் சொல்வார்கள். ஆகவே துண்டுகளை வாசிக்கும்போதும் ஆகப் புதியவரிடம் தொடங்கி, அனுபவசாலியிடம் கடைசியாகப் போங்கள்.

படி 3: முதலில் கணக்கு, பிறகு கதை

இங்கேதான் நேரம் எடுக்க வேண்டும்.

தம்பி 18 போட வேண்டும். போட்டால் நடுவில் எவ்வளவு ஆகும்? 27, மச்சானின் 18, தம்பியின் 18, கூட்டினால் 63. தேவையான வெற்றி வாய்ப்பு 18-ஐ 63-ஆல் வகுத்தது, ஏறத்தாழ 28.6 சதவீதம். புதியவர்கள் 18-ஐ 45-ஆல் வகுத்து 40 என்பார்கள், ஏனென்றால் தாங்கள் போடப்போகும் 18-ஐச் சேர்க்க மறந்துவிடுவார்கள். சிலர் 27-ஆல் வகுத்து 67 என்பார்கள். இரண்டும் பிழை. நீங்கள் போடுவதும் சேர்ந்த முழுத் தொகையால் வகுக்க வேண்டும்.

இனி வாய்ப்பு. தம்பி அறிந்த கடுதாசி ஆறு: கையில் இரண்டு, நடுவில் நான்கு. மிச்சம் 46. ஆட்டின் மொத்தம் 13, அதில் நான்கு வெளியே தெரிகிறது, மிச்சம் 9. ஒன்பதை 46-ஆல் வகுத்தால் 19.6 சதவீதம். நம்பாதவர் இருந்தால் வேறொரு கட்டை எடுத்து அந்த ஆறையும் ஒதுக்கி, மிச்சத்தைப் பாயில் பரப்பி ஆட்டினை மட்டும் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். 37 ஒரு பக்கம், 9 ஒரு பக்கம். அந்த இரண்டு குவியலையும் கண்ணால் கண்டவருக்கு இது பிறகு மறக்காது.

தேவை 28.6, இருப்பது 19.6. அப்படியானால் போல்ட் என்று முடித்துவிடலாமா? இன்னும் ஒரு அடி போக வேண்டும். 46 தடவை இதே இடத்தில் கோல் செய்தால், 37 தடவை 18 போகும்: 666. ஒன்பது தடவை 45 வரும்: 405. குறை 261. அதை ஒன்பதால் வகுத்தால் 29. ஆக, ஆட்டின் விழும் ஒவ்வொரு தடவையும் றிவரில் மச்சானிடமிருந்து சராசரியாக இன்னும் 29 கொட்டையாவது வாங்க முடிந்தால் கோல் நட்டமில்லை. நடுவில் 63 இருக்கிறது, மச்சானிடம் 169 மிச்சம். வாதம் உண்மையில் இந்த 29-ஐப் பற்றியது. மூன்றாவது ஆட்டின் விழுந்த பிறகும் மச்சான் 29 தருவாரா? இதைக் கேட்டுத்தான் சண்டை பிடிக்க வேண்டும்.

புளொப்பில் செய்த கோலையும் ஒரு வார்த்தை பார்க்கலாம். 7 போட்டால் 27. தேவை 26 சதவீதம். "ஒன்பதை நாலால் பெருக்கு, 36 வருகுது, நல்ல கோல்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நாலால் பெருக்கும் சுருக்கு வழி, மேலதிகமாகப் போடாமல் இரண்டு கடுதாசியையும் பார்க்க முடிந்தால்தான் பொருந்தும் (சரியான தொகை 35). ரேர்ணில் இன்னொரு பந்தயம் வரப்போகிறதென்றால் ஒரு கடுதாசிக்கு இரண்டால்தான் பெருக்க வேண்டும். இந்த இடத்தில் பிழைவிடுகிறவர்கள் மிகவும் அதிகம்.

படி 4: எதிராளிக்குப் பட்டியல் போடுங்கள்

"மச்சானிட்ட ஏஸ்-ராசாதான்" என்று ஒரே கையில் அவரை நிறுத்தாதீர்கள். இருக்கக்கூடிய எல்லாவற்றையும் எழுதி எத்தனை வழி என்று எண்ணுங்கள். வெளியில் ஒன்றுமே தெரியாதபோது சோடிக்கு 6 வழி, வேறு வேறு இரண்டு கடுதாசிக்கு 16 வழி. நடுவில் கிடப்பதைக் கழித்தால் இப்படி வரும்:

ஏஸ்-ராசா: 4 ஏஸ், 3 ராசா; 12 வழி.
ராசா-ராணி: 3, 3, 9 வழி.
ராசாச் சோடி, ராணிச் சோடி, மூன்றுச் சோடி: தலா 3; 9 வழி.

இந்த 30 வழியில் 18, ஏற்கெனவே இரண்டு சோடி அல்லது மூன்று ஒரே கடுதாசி. இவர்கள் ஆட்டின் விழுந்தாலும் எளிதில் விடமாட்டார்கள்; 29 தருவார்கள். அது தம்பிக்குச் சாதகம். ஆனால் அதே 18 வழிக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆட்டின் ராசா விழுந்தால் ராசா-ராணிக்காரருக்குப் புல் ஹவுஸ் (மூன்று ஒரே கடுதாசியும் ஒரு சோடியும்; ஒரே இன ஐந்தை வெல்லும்). ஆட்டின் 2 விழுந்தால் மூன்று ஒரே கடுதாசி வைத்திருப்பவர் எல்லோருக்கும் புல் ஹவுஸ். தம்பி தன் இனம் வந்துவிட்டதென்று மகிழ்ந்து, முழுவதையும் தள்ளி இழக்கும் இடம் அதுதான். அந்த இரண்டு கடுதாசியையும் நம்பாமல் ஒன்பதை ஏழாகக் குறைத்துக் கணக்கிடுங்கள்: தேவையான 29, 55-க்கு ஏறிவிடும். மச்சான் இரண்டு ஆட்டின் வைத்து, அதில் ஒன்று ஏஸாக இருந்தால் இன்னும் மோசம்.

எங்கள் கணிப்பில், தோற்பது தெரிந்தாலும் விடமாட்டாத மச்சான் என்றால் இது மெல்லிய கோல். மூன்றாவது ஆட்டினைக் கண்டதும் கையை மடக்குகிற ஆள் என்றால் போல்ட். ஆளைப் பொறுத்து விடை மாறுவது போக்கரின் இயல்பு. அதனால் "அவர் அப்படிப்பட்டவர்" என்று சொல்பவர், அவர் அப்படி ஆடிய கை ஒன்றைக் கொப்பியில் காட்ட வேண்டும்.

படி 5: கதைக்கும்போது

தம்பியைப் பார்த்து "ஏன் கோல் பண்ணினனீ?" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றத்தான் கதைப்பார். "18-க்கு எத்தனை வேணும்?" என்று தொடங்குங்கள், விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். "வென்றதுதானே" என்பதை வாதமாக ஏற்காதீர்கள். ஒரு கைக்குப் பத்து நிமிடம். பிறகும் ஒத்துவராவிட்டால் எந்த எண்ணில் பிரிகிறீர்கள் என்று பாருங்கள். அனேகமாக 29-க்கும் 55-க்கும் இடையில் எங்கோ நிற்பீர்கள். அந்த இடத்தைக் குறித்துவையுங்கள்.

கடைசியாகக் கோப்பையைத் தூக்குங்கள். உள்ளே என்ன இருந்தாலும் துண்டில் எழுதியதை ஒருவரும் திருத்தக் கூடாது. கொப்பியில் "18/63, 9/46, குறை 29" என்று ஒரு வரி, அதன் கீழே மச்சான் காட்டிய கடுதாசி. பிறகு கட்டைக் குலுக்குங்கள், பட்டன் அடுத்தவரிடம் போகட்டும்.