சாவி ஆணியில் ஒரு மஞ்சப்பை

கடைக்குப் போகும்போது பிளாஸ்டிக் பை வாங்காமலிருக்க, வீட்டிலிருந்து பையை ஞாபகமாக எடுக்க வேண்டும் என்று நினைத்தால் மறந்துதான் போகும், அதனால் வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே ஒரு மஞ்சப்பையை மாட்டிவிடுங்கள். மறந்துவிட்டால், சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

கடைகளில் துணி மாதிரியே தரும் மெல்லிய பைகளை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. சந்தேகமா? ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகி உதிரும், பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும்.

கறி, மீன், தோசை மாவுக்கு எவர்சில்வர் தூக்கு. காலித் தூக்கை முதலில் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல்லுங்கள், கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிளாஸ்டிக்கைப் போலவே வண்டிப் புகையையும் குறைக்கலாம், அதனால் அப்புறம் பயணம். தெருமுனைக் கடைக்கு நடந்து போங்கள். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை போக மின்சார ரயில் இருக்கும்போது ஒரே ஆளுக்காகக் காரை எடுப்பது எனக்கு மனசே ஒப்பாது. நிலையம் வரை ஷேர் ஆட்டோவில் போனாலும் சரி.